தேக சுகமும் தன் வாய்ச்சொல்லும்

ஒரு மனிதருடைய ஆரோக்கியத்தை நிர்ணயிப்பதற்கு இரத்த அழுத்தமானியும் சர்க்கரைப் பரிசோதனையும் எக்ஸ்-ரே படமும் இன்னும் எத்தனையோ சாதனங்களும் வந்துவிட்ட இக்காலத்தில், இவற்றுள் ஒன்றையும் கையில் எடுத்துக்கொள்ளாமல், "பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்பவற்றுள் எதைச் சொல்வீர்கள்?" என்று ஒரே ஒரு வினாவைக் கேட்டு, வந்த விடையை ஏட்டில் குறித்துக்கொண்டு போகும் வழக்கம் உலகெங்கும் ஆராய்ச்சியாளரிடையே நிலைபெற்றிருப்பது முதற்பார்வைக்கு வியப்பைத் தரலாம். ஆயினும், மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்தியத்தின் நான்கு உறுப்புகளை எண்ண வந்த வள்ளுவர், மருத்துவனுக்கும் மருந்துக்கும் முன்னதாக நோயுற்றவனையே வைத்து எண்ணியிருப்பதை அறிந்த நமக்கு, நோயாளியின் வாக்குக்கு முதலிடம் தருவது அந்நியமான கருத்தாகத் தோன்ற நியாயமில்லை.

இவ்வினாவின் வலிமையை உலகறியச் செய்தது 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. கனடா தேசத்தின் மானிடோபா மாகாணத்தில் 65 வயதைக் கடந்த 3,128 முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மோசி, ஷபிரோ என்ற இருவரும், தம் உடல்நலம் மோசம் என்று சொன்னவர்கள், மிக நன்று என்று சொன்னவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு விகிதத்தில் முன்னதாக இறந்தனர் என்பதையும், மருத்துவரின் குறிப்பேடுகளில் கண்ட நோய்களைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட பின்னரும் இந்த வேறுபாடு மறையவில்லை என்பதையும் கண்டனர். அதன்பின் 1997இல் ஐட்லர், பென்யமினி இருவரும் பல நாடுகளில் நடந்த 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இதே முடிவையே உறுதிசெய்தன. படியேறும்போது வாங்கும் மூச்சு, இரவில் கலையும் தூக்கம், குறைந்துவரும் பசி, தாயும் தந்தையும் எந்த வயதில் எந்த நோயால் போனார்கள் என்ற நினைவு, நாளை வேலைக்குப் போக முடியுமா என்ற ஐயம், இவையனைத்தையும் ஒரு மனிதர் தம் உள்ளத்தில் ஒரு கணத்தில் கூட்டிக் கழித்துச் சொல்லும் விடைக்கு நிகராக ஒரு பரிசோதனைக்கூடம் எதைத் தரமுடியும்?

இவ்வளவு தெளிவான ஒரு சாட்சியத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என்று எண்ணும் நேரத்தில்தான் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் குறுக்கே வருகிறார். 1944ஆம் ஆண்டில், வங்கப் பெரும்பஞ்சத்தின் கொடுமை ஆறுமுன்னர், கல்கத்தாவுக்கு அருகில் சிங்கூர் என்ற இடத்தில் நடந்த ஒரு சுகாதார விசாரணையில், மனைவியை இழந்த ஆடவருள் நூற்றுக்கு 48.5 பேர் தாம் நோயுற்றோ சுகக்குறைவாகவோ இருப்பதாகச் சொல்ல, கணவனை இழந்த பெண்களுள் அவ்வாறு சொன்னவர்கள் நூற்றுக்கு 2.5 பேர் மட்டுமே. திட்டமான நோய்களை விலக்கிவிட்டு, உடம்பு அவ்வளவு சரியில்லை என்ற பொதுவான நிலையை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆடவரின் தொகை நூற்றுக்கு 45.6, பெண்களுள் ஒருவர்கூட இல்லை. விதவைகளின் வாழ்வு அக்காலத்து வங்காளத்தில் எவ்வாறிருந்தது என்பதை அறிந்த எவரும் அப்பெண்கள் ஆடவரைவிட ஆரோக்கியமாக இருந்தனர் என்று நம்பமாட்டார்கள். தன் உடம்பைப் பற்றி முறையிடும் உரிமை தனக்கு உண்டு என்ற எண்ணமே அற்றுப்போகும்படி ஒரு சமூகம் ஒருத்தியைப் பழக்கிவிட்டபின், அவள் வாயிலிருந்து வரும் "எனக்கொன்றும் இல்லை" என்ற விடையை வேறு எவ்விதமாக விளங்கிக்கொள்வது? 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் சென் இதையே மாநிலங்களுக்கும் விரித்துக் காட்டினார். ஆயுளிலும் கல்வியிலும் இந்தியாவிலேயே முன்னணியில் நிற்கும் கேரளத்து மக்கள் தமக்கு நோய் இருப்பதாக மிக அதிகமாகச் சொல்ல, அவ்விரண்டிலும் பின்தங்கிய பீகாரத்தார் மிகக் குறைவாகச் சொல்கிறார்கள்.

ஆகவே கேள்வி இரண்டாகப் பிரிகிறது. ஒரே ஊரில், ஒரே விதமான வாழ்வுடைய மக்களிடையே, தன் உடல்நலத்தைக் குறைத்துச் சொல்பவர் உண்மையிலேயே நலங்குன்றியவர் என்று கொள்வதில் பிழை சிறிது; ஆனால் ஒரு சமூகத்தின் விடையை மற்றொரு சமூகத்தின் விடைக்கு நேரே வைத்து எடைபோடும்போது பிழை மலைபோல் வளர்ந்துவிடுகிறது. இந்த எல்லைக்கோட்டை மறவாமல் கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மக்களின் நலத்தை நோக்கவேண்டும் என்பதே என் கருத்து.

வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்களிடையே இவ்வினா எவ்வாறு கேட்கப்பட்டது என்பதை இங்கு நினைவுகூர்வது பயன்தரும். 2007, 2008ஆம் ஆண்டுகளில் அமுண்ட்சென் என்னும் பனியுடைப்புக் கப்பல் ஒரு நடமாடும் ஆஸ்பத்திரியாகவே கனடாவின் வடகரை ஊர்களை நாடிச் சென்று 36 குடியிருப்புகளில் விசாரணை நடத்த உதவியது. அம்மக்களின் நலத்தோடு தொடர்புடையவையாக ஆராயப்பட்டவை நோய்கள் மட்டுமல்ல. ஒரே வீட்டில் எத்தனைபேர் நெருக்கிக்கொண்டு படுக்கிறார்கள், மாதக் கடைசியில் உணவு தீர்ந்துபோகிறதா, கடல்நாயும் கலைமானும் வேட்டையாடிக் கிடைக்கும் சொந்த உணவு இன்னும் இலையில் விழுகிறதா, உற்றார் உறவினர் அருகில் இருக்கிறார்களா என்பனவெல்லாம் கேட்கப்பட்டன. பெயர்களை மாற்றிவிட்டால் இவ்வினாக்கள் அனைத்தும் கொள்ளிடம் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் ஓரத்திலும் கேட்கத்தக்கவையே.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளையைக் கடந்து பிச்சாவரம் செல்பவர்கள், படகில் ஏறிச் சுரபுன்னைக் காட்டின் நிழலில் உலாவிவிட்டுத் திரும்புகிறார்கள். அதே நீரில், சுற்றுலாப் படகுகள் செல்லாத வாய்க்கால்களில், இருளர் குடும்பங்கள் கையால் தடவி இறால் பிடித்து ஜீவனம் செய்கின்றன. பனையோலையால் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்தும் மண்டியிட்டும் நகர்ந்து, சேற்றுக்குள் இரு கைகளையும் விட்டுத் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலை எடுத்துப் பறிக்குள் போட்டுக்கொண்டே ஒரு பெண் மணிக்கணக்காக வேலை செய்கிறாள். ஆளிச் சிப்பியின் கூரிய ஓடு உள்ளங்காலைக் கிழிக்கிறது. கெளுத்தியின் முள் விரலில் ஏறினால் கை முழுதும் கடுத்துக்கொண்டு வீங்குகிறது. விரலிடுக்குகளில் சேற்றுப்புண் ஆறாமல் நின்றுவிடுகிறது. தில்லை மரத்தின் பால் தவறிக் கண்ணில் தெறித்தால் பார்வையே கெடும். ஆடவல்லானின் திருத்தலத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த அந்த மரம், அதனடியில் பிழைப்பவர்களுக்கு இத்தகைய அபாயத்தையும் வைத்திருக்கிறது. இவ்வளவையும் தாங்கிக் கரையேறும் பெண்ணிடம், "உடம்பெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று ஒருவர் கேட்டால், "எனக்கென்ன சார், வேலைக்குப் போயிட்டு வந்துட்டேனே, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அந்த விடையில் பொய்யேதும் இல்லை. நாளைக்கும் தண்ணீரில் இறங்க முடியும் என்பதையே அவள் நலம் என்று கொண்டிருக்கிறாள். இறங்க முடியாத நாள் வந்தால் அன்றைக்குத்தான் அவள் கணக்கில் நோய் தொடங்குகிறது. வேலை செய்யும் திராணியைக் கொண்டு நலத்தை அளக்கும் இந்த வழக்கம் கூலிவேலையை நம்பிய குடிகள் எல்லோரிடமும் காணக்கூடியது. கடலூர்த் துறைமுகத்தில் மீன்கூடை சுமக்கும் தாய்மார்களிடமும், பண்ணுருட்டி முந்திரிக் கொட்டைகளை உடைத்து, தோட்டின் எண்ணெய் பட்டுத் தோலுரிந்த விரல்களோடு வீடு திரும்பும் பெண்களிடமும் இதே அளவுகோல்தான்.

இருளர்கள் தமிழ்நாட்டின் மிகப் பின்தங்கிய ஆறு பழங்குடிகளுள் ஒருவராக அரசால் அங்கீகரிக்கப்பட்டவர்கள். கடலூர் மாவட்டத்தில் பழங்குடியினர் அனைவரையும் கூட்டினாலும் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் ஆகமாட்டார்கள். ஒரு மாவட்டத்துக்கு இத்தனை வீடு என்று பொறுக்கியெடுத்து நடத்தப்படும் தேசியக் கணக்கெடுப்பு எதிலும் இவ்வளவு சிறிய சமூகத்தின் குரல் தனித்துக் கேட்பது இயலாது. மாவட்டத்தின் சராசரியில் அது கரைந்துபோகிறது. சாதிச் சான்றிதழ் பெறுவதற்கே தலைமுறைக்கணக்காக அலையவேண்டியிருந்த இம்மக்களுக்காகத் திண்டிவனத்தைச் சார்ந்து பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல்லாண்டுகளாகப் போராடி வருவதும், பிச்சாவரத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையாத்திக் காட்டை மீட்கும் பணியோடு சேர்த்து இக்குடும்பங்களுக்கும் துணைநின்றதும் குறிப்பிடத்தக்கன. சான்றிதழுக்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சான்றிதழ் இல்லாமல் பிள்ளையின் பள்ளிப்படிப்பு நிற்கிறது, பட்டா தள்ளிப்போகிறது, வீடு கிடைக்கவில்லை. மழைக்கு ஒழுகும் குடிசையில் ஈரத்தரையில் படுத்தெழும் குழந்தையின் நெஞ்சுச் சளியில் அந்தச் சான்றிதழின் இன்மையும் கலந்திருக்கிறது.

இனி நாடு முழுவதையும் நோக்கினால், முதியோரைப் பற்றி இந்தியாவில் நடந்த மிகப் பெரிய விசாரணை, மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை விஞ்ஞான நிறுவனம் வேறு பல நிலையங்களோடு சேர்ந்து 2017, 2018ஆம் ஆண்டுகளில் நடத்திய நீண்டகால முதுமை ஆய்வு. 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் அவர்தம் வாழ்க்கைத் துணைவருமாக 72,250 பேரிடம் நேரில் விசாரித்த அவ்வாய்வில், அறுபதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தம் நலம் குன்றியிருப்பதாகச் சொன்னார். வயது ஏற ஏற விடை தாழ்வதும், நாட்பட்ட நோய்கள் ஒன்றுக்கு இரண்டாகச் சேரும்போது மேலும் தாழ்வதும் எதிர்பார்க்கத்தக்கவையே. ஆயினும் இத்தகைய ஆய்வுகளை ஊன்றிப் படிப்பவர்கள், நோயின் பெயரைவிடவும், தானாகக் குளிக்க முடியாமை, உட்கார்ந்து எழ முடியாமை, கடைவீதிக்கு நடக்க முடியாமை முதலிய இயலாமைகளும், மனச்சோர்வும் தனிமையுமே விடையை வலுவாகக் கீழே இழுக்கின்றன என்பதைக் காண்பார்கள். கண்புரை நீங்கியதும் உடம்பே தேறிவிட்டதாகச் சொல்லும் பாட்டிமார்களை எல்லா ஊரிலும் காணலாம்.

கணக்கெடுப்பில் விடை சொல்வது யார் என்பதும் சிறு விஷயம் அன்று. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் சுற்றுகளில் முதியவருக்காக வீட்டிலுள்ள வேறொருவர் விடையளிப்பதற்கு இடமிருந்தது. திண்ணையில் மகன் அமர்ந்து, "அம்மாவுக்கு வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கு" என்று சொல்லி முடித்துவிட, உள்ளே அடுப்படியில் நிற்கும் தாயின் முழங்கால் வலியும் இரவெல்லாம் இருமலும் ஏட்டில் ஏறாமலே போவதை நாம் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். சிங்கூர் விதவைகளின் மௌனத்துக்கும் இந்தத் தாயின் மௌனத்துக்கும் இடையே எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் தூரம் அதிகமில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். இவர்களுள் பெரும்பாலோர் தம் களைப்பை நோயென்றே எண்ணுவதில்லை. அலுப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

வலிக்காத நோயைப் பற்றியும் ஒரு சொல். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றா நோய் ஆய்வில், 18 வயது முதல் 69 வயது வரையிலான மக்களுள் நூற்றுக்கு 33.9 பேருக்கு உயர் இரத்த அழுத்தமும், 17.6 பேருக்கு நீரிழிவும் காணப்பட்டன. உயர் இரத்த அழுத்தம் உடையவர்களுள் அது கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு 7.3 பேரிடம் மட்டுமே. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊர்ப் பெண் ஒருத்தியே வீடு தேடி வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தருவது மிகவும் போற்றத்தக்க ஏற்பாடு. ஆயினும் நம் வினாவைப் பொறுத்தவரை அதற்கொரு விசித்திரமான விளைவு உண்டு. நேற்றுவரை "நல்லாயிருக்கேன்" என்றவர், "உங்களுக்குப் பிரஷர் இருக்கு அய்யா" என்று கேட்ட மறுநாள் முதல் தம்மை நோயாளியாகக் கருதத் தொடங்குகிறார். மருத்துவ வசதி பெருகப் பெருக, நலமென்று சொல்பவர் தொகை சில காலம் குறையவே செய்யும். கேரளத்தில் நிகழ்ந்ததும் இதுவே. அத்தகைய குறைவைக் கண்டு ஒரு சுகாதார அதிகாரி கவலைப்படுவது வீண். மௌனம் கலைகிறது என்று மகிழவேண்டும்.

பசியை விட்டுவிட்டு நலத்தைப் பேசுவது கடலூர் மாவட்டத்து மண்ணுக்கே அடாத காரியம். 1867ஆம் ஆண்டில் வடலூரில் சத்திய தருமசாலையை நிறுவி, அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாதிருக்க வழிசெய்த இராமலிங்க வள்ளலார், உயிர்களின் துன்பங்களுள் பசியையே முதன்மையாக எடுத்து, அதை நீக்குவதே ஜீவகாருண்யத்தின் தலையாய செயல் என்று வற்புறுத்தினார். அவர் வைத்த இடத்தில்தான் இன்றைய உணவுப் பாதுகாப்பு ஆராய்ச்சியும் வந்து நிற்கிறது. நியாயவிலைக் கடை அரிசி இருப்பதால் முழுப்பட்டினி இவ்வட்டாரத்தில் அரிதாகிவிட்டது உண்மை. ஆயினும் வயிறு நிறைவது வேறு, தேகம் வலுப்பெறுவது வேறு. இனுயிட் மக்கள் வேட்டையுணவை இழந்து விலைகூடிய டப்பா உணவுக்கு வந்து சேர்ந்ததைப் போலவே, பிடித்த நல்ல இறாலையும் கல்நண்டையும் ஏற்றுமதிக்காகத் தரகரிடம் போட்டுவிட்டு, அந்தக் காசில் வெறுஞ்சோற்றுக்கும் ரசத்துக்கும் வழி தேடும் குடும்பம் கடற்கரையில் ஒன்றல்ல, பல.

உடல்நலம் எப்படி என்ற இவ்வினாவின் வரலாற்றில் கடலூருக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. உப்பனாற்றின் கரையில் 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, இரசாயன ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபின், குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி முதலிய ஊர்களின் மக்கள் கண்ணெரிச்சலையும் தலைவலியையும் மூச்சுத்திணறலையும் பற்றி முறையிட்டவண்ணம் இருந்தார்கள். முறையீடுகள் அபிப்பிராயங்கள் மட்டுமே, ஆதாரம் எங்கே என்று கேட்கப்பட்டபோது, அவ்வூரார் தாங்களே பயிற்சி பெற்று ஒரு கண்காணிப்புக் குழுவாக அமைந்து, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், எவ்வகை நாற்றம் வந்தது, அப்போது உடலில் என்ன உபாதை தோன்றியது என்று நாட்குறிப்பு எழுதினார்கள். எளிய வாளிக் கருவி ஒன்றில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். 2004இல் வெளியான அவர்களுடைய அறிக்கை, மூக்கு முன்பே சொல்லிய நச்சுப்பொருள்கள் காற்றில் இருந்ததைச் சோதனைக்கூடத்தின் வாயாலேயே சொல்லவைத்தது. அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் என்று ஒரு மூதாட்டி சொல்வது ஓர் அளவை இல்லையென்றால் வேறு எது அளவை? தன் உடம்பைத் தானே அறிதல் என்பதை ஆராய்ச்சியின் கடைக்கோடியிலிருந்து தலைவாயிலுக்குக் கொண்டுவந்தவர்கள் அம்மக்கள். அவர்களுக்கு நாம் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் வாரிக்கொண்டு சென்றதையும், தேவனாம்பட்டினம், சோதிக்குப்பம், எம்.ஜி.ஆர். திட்டு முதலிய இடங்கள் பட்ட பாட்டையும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததையும் விரித்துரைக்க வேண்டியதில்லை. காயம் ஆறினாலும், வடகிழக்குப் பருவத்தில் காற்று ஓங்கும் ஒவ்வோர் இரவும் உறங்காமல் உட்கார்ந்திருப்பவரின் நலத்தை எந்த மானி காட்டும்? அவரைக் கேட்டுத்தான் அறியவேண்டும்.

கேட்கும் முறையைத் திருத்திக்கொள்வது இயலாத காரியமன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளில் கையாளப்பட்ட ஒரு நல்ல உபாயம் உண்டு. உங்கள் நலம் எப்படி என்று கேட்பதோடு, கற்பனையான ஒருவரின் நிலையைக் கதைபோலச் சொல்லி, அவருடைய நலம் எப்படி என்றும் கேட்பது. அதனால் விடையளிப்பவரின் அளவுகோல் எவ்வளவு நீளம் என்பது தெரிந்துவிடுகிறது. முதுமை ஆய்வில் கைப்பிடியின் வலிமையையும் நடையின் வேகத்தையும் ஒரு துளி இரத்தத்தையும் சேர்த்து அளந்ததைப்போல, வாய்ச்சொல்லையும் அளவையையும் அருகருகே வைக்கவும் வேண்டும். 1985இல் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் நிலையம், கிள்ளைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஆண்டுதோறும் சமூக மருத்துவம் பயிலும் மாணவர்கள் இருளர் குடியிருப்புகளாகிய எம்.ஜி.ஆர். நகருக்கும் கலைஞர் நகருக்கும் சென்று, ஆண்கள் விடை சொல்லிவிடும் பகற்பொழுதை விடுத்து, பெண்கள் நீரிலிருந்து கரையேறிக் குளித்து முடித்தபின், அதே சமூகத்துப் பெண் ஒருத்தியை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியையும் தனித்தே கேட்கவேண்டும். கேட்ட விடைகள் எவருடைய உடைமை என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளவேண்டும். இனுயிட் மக்களின் தேசிய அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கொள்கை, தம்மைப் பற்றிய தகவல்கள் தம்முடைய உரிமை என்றும், ஆய்வின் நோக்கத்தை வகுப்பதில் தமக்குப் பங்கு வேண்டும் என்றும் கோருகிறது. இருளர் குடியிருப்பில் எடுக்கப்படும் கணக்கும், சஞ்சிகைக்கும் மாநாட்டுக்கும் போகுமுன், அக்குடியிருப்பின் நடுவில் எல்லோரும் கேட்கும்படி தமிழில் வாசிக்கப்பட்டு, இது சரி, இது தவறு, இதைக் கேட்க மறந்துவிட்டீர்கள் என்று அவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுதப்படவேண்டும்.